எக்ஸ்670இ, பி650இ, இசட்790: வொர்க்ஸ்டேஷனுக்கு எந்த போர்டு?

வீடியோ எடிட்டிங்குக்கும் பிளெண்டர் (முப்பரிமாண மென்பொருள்) ரெண்டரிங்குக்கும் கணினி அமைக்க இறங்கியபோது கடைசிவரை தாக்குப்பிடித்தவை இரண்டு செயலிகள்: ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸ், இன்டெல் கோர் ஐ9 13900கே. நான் வாங்கியது ரைசன். அதையும் விலை கூடிய எக்ஸ்670இ மதர்போர்டில் பொருத்தாமல் பி650இ போர்டில் பொருத்தினேன். இவை ஏஎம்டி செயலிகளுக்கான சிப்செட்களின் பெயர்கள், இசட்790 இன்டெல்லுக்கானது. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும்.

வேகத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. ரைசனில் 16 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்), இன்டெல்லில் பெரியவை எட்டும் சிறியவை பதினாறுமாக 24. ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளான திரெட்கள் இரண்டிலும் 32தான். மின்சார வரம்பு ரைசனுக்கு 230 வாட், இன்டெல்லுக்கு 253 வாட். நல்ல கூலர் இரண்டுக்குமே வேண்டும்.

சிப்செட்டில்தான் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஒரே செயலியை எக்ஸ்670இ-இல் போட்டாலும் பி650இ-இல் போட்டாலும், மின்சுற்று தரமாக இருந்தால் ரெண்டர் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். எஸ்எஸ்டி, யுஎஸ்பி, நெட்வொர்க் ஆகியவற்றின் தரவைச் செயலிக்குக் கொண்டுசேர்ப்பது சிப்செட்டின் வேலை. அந்தப் பாதையின் அகலத்தைத்தான் பார்க்க வேண்டும்.

7950எக்ஸிலிருந்து நமக்குக் கிடைக்கும் நேரடி லேன்கள் (தரவு ஓடும் தடங்கள்) 24. என் போர்டில் 16 கிராஃபிக்ஸ் கார்டுக்கும், மீதி எட்டு இரண்டு எஸ்எஸ்டிகளுக்கும் போகின்றன. சிப்செட்டுக்கெனத் தனியாக நான்கு பிசிஐஇ 4.0 லேன்கள், நொடிக்குச் சுமார் 8 ஜிபி. பிசிஐஇ என்பது கார்டுகளையும் எஸ்எஸ்டிகளையும் இணைக்கும் முறை, எண் அதன் தலைமுறை. எக்ஸ்670இ-இல் ஒரே வகைச் சிப்புகள் இரண்டு, ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருக்கின்றன. ஆனால் இரண்டும் சேர்ந்து செயலியை அடைவது அதே நான்கு லேன்கள் வழியாக. மேல்தொட்டிக் குழாயை அப்படியே விட்டுவிட்டு வீடெங்கும் திருகுக்குழாய் மாட்டிய கதைதான் இது.

இன்டெல் இசட்790-இல் இந்த இணைப்பு எட்டு லேன்கள், இருமடங்கு அகலம். செயலியின் நேரடி லேன்களோ 20 மட்டுமே. அதில் 5.0 தலைமுறை எஸ்எஸ்டி வேண்டுமென்றால் கிராஃபிக்ஸ் கார்டின் 16 லேன்களைப் பிரித்து எட்டாக்க வேண்டும். நான்கைந்து எஸ்எஸ்டிகளை ஒரே நேரத்தில் விரட்டுபவருக்கு இன்டெல் ஏற்பாடு நல்லது. என் காட்சிக் கோப்புகளும் கேஷும் (தற்காலிகக் கோப்புகள்) இருக்கும் எஸ்எஸ்டிகள் செயலியோடு நேரடியாகப் பேசுகின்றன. சிப்செட் வழியே வருவது பெரும்பாலும் 10 கிகாபிட் நெட்வொர்க். அது நிரம்பி ஓடினாலும் நொடிக்கு 1.25 ஜிபி. குறுகிய பாதை எனக்கு இடிக்கவே இல்லை. வாங்குமுன் போர்டின் கையேட்டில், எது எதோடு இணைகிறது என்று காட்டும் பிளாக் வரைபடத்தைப் பாருங்கள். பெட்டியின் மேலிருக்கும் விளம்பரத்தைவிட அது உண்மை பேசும்.

ரேம் விஷயத்தில் ரைசன் கறார். இரண்டு குச்சிகளுக்கு அதிகாரபூர்வ வேகம் நொடிக்கு 5200 மெகாடிரான்ஸ்ஃபர். நான்கு போட்டால் 3600. முதலிலேயே பெரிய குச்சிகளாக இரண்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

இன்டெல் தெளிவாக வெல்லும் இடம் ஒன்று உண்டு. 4:2:2 10-பிட் எச்.265 காட்சிகளை (நிற விவரம் கூடிய, சுருக்கிய வீடியோ வகை) 13900கே-யின் உள்ளமைந்த கிராஃபிக்ஸே விரித்துக் காட்டும். 7950எக்ஸில் உள்ளது காட்டாது. நான் பிராக்ஸி கோப்புகள் (எடிட்டிங்குக்கான இலகுவான நகல்கள்) செய்து சமாளிக்கிறேன். அன்றாடம் அந்த வகைக் காட்சிகளே வருமென்றால் என் தேர்வைப் பின்பற்ற வேண்டாம்.

13, 14ஆம் தலைமுறை இன்டெல் செயலிகளின் மின்னழுத்தக் கோளாறை 2024இல் நிறுவனமே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு (செயலியின் உள்மென்பொருள்) திருத்தமும் இரண்டாண்டு கூடுதல் உத்தரவாதமும் தந்தது. பழையது வாங்குபவர்கள், விற்பவர் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்திருக்கிறாரா என்று கேட்க வேண்டும். ஏஎம்டியின் அடுத்த தலைமுறைச் செயலியான 9950எக்ஸ் வந்தபோது, அதே ஏஎம்5 சாக்கெட் (செயலியைப் பொருத்தும் இடம்) போர்டுகளுக்கு பயாஸ் புதுப்பிப்பே போதுமானதாக இருந்தது. இன்டெல்லோ 2024 அக்டோபரில் புதிய சாக்கெட்டுக்குப் போய்விட்டது.

ஏஎம்டியின் பெரிய வொர்க்ஸ்டேஷன் செயலியான திரெட்ரிப்பரில் நான் வேலை செய்ததில்லை. காகிதத்தில் பார்த்தால், அதற்கான டிஆர்எக்ஸ்50 போர்டும் நான்கு சேனல் ரேமும் 48 பிசிஐஇ 5.0 லேன்களும் இரண்டு மூன்று கிராஃபிக்ஸ் கார்டுகள் வைத்து ரெண்டர் செய்பவருக்குக் கட்டுப்படியாகும். ஒற்றைக் கார்டுக்காரருக்கு அந்தச் செலவு வீண்.