ஆசிரியர் இல்லாமல் பிரெஞ்சு: காதில் தொடங்கும் ஒரு தினப் பயிற்சியின் நீண்டகால அனுபவம்

பிரெஞ்சைத் தாமாகவே கற்க விரும்புவோர் முதலில் கேட்பது, எந்தச் செயலி நல்லது, எந்தப் புத்தகம் வாங்கலாம் என்பதைத்தான். அலுவலக வேலைக்கு நடுவே, வகுப்புக்குப் போகாமல், சில ஆண்டுகளாக இந்த மொழியோடு பழகிவரும் எனக்கு, அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: ஒதுக்கிய அரைமணி நேரத்தில் காது, கை, கண் ஆகிய மூன்றும் எந்த வரிசையில் வேலை செய்கின்றன என்பதே. பல முறைகளை மாதக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். அவற்றுள் இன்றுவரை கைவிடாதவை எவை, ஒதுக்கிவைத்தவை எவை, ஏன் என்பதை, ஓரளவு ஆங்கிலம் தெரிந்த, பிரெஞ்சில் ‘போன்ழூர்’ என்பதைத் தாண்டாத ஒருவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

காதிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் பிரெஞ்சின் எழுத்துமுறை. பேசுதலைக் குறிக்கும் ‘பார்லே’ என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவன் பேசுகிறான், அவர்கள் பேசுகிறார்கள் என்ற நான்கும் தாளில் மூன்று விதமாக எழுதப்படும். ‘நீ’ வடிவத்தின் கடைசியில் எஸ் சேரும், ‘அவர்கள்’ வடிவத்தில் இ, என், டி என்று மூன்றெழுத்து வால் முளைக்கும். வாயில் வருவதோ நான்கிற்கும் ஒரே ‘பார்ல்’தான். கண்ணால் முதலில் படித்தவர் அந்த வாலையும் சேர்த்து உச்சரிப்பார். பிறகு வானொலியில் அதே சொல் வரும்போது அது தமக்குத் தெரிந்த சொல் என்பதே அவருக்குப் புலப்படாது. தமிழ்நாட்டில் மதிப்பெண் அள்ளலாம் என்பதற்காகவே பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தவர்கள் நிறைய உண்டு. வினைத்திரிபு அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பவர்கள், ஒரு நிமிட உரையாடலைப் பின்தொடர முடியாமல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய திறமையில் குறையில்லை, பாடம் கண்ணுக்கு மட்டுமே நடத்தப்பட்டது.

ஆகவே என் தினப் பயிற்சியின் முதுகெலும்பு ‘டிக்தே’, அதாவது சொல்வதைக் கேட்டு எழுதுதல். நம் ஊர்ப் பள்ளிகளில் அது கீழ்வகுப்புச் சமாச்சாரம். பிரான்சிலோ பெரியவர்களும் விரும்பிக் கலந்துகொள்ளும் போட்டி. தொலைக்காட்சியில் இலக்கிய நிகழ்ச்சி நடத்திப் புகழ்பெற்ற பெர்னார் பீவோ 1985-இல் தொடங்கிய எழுத்துப்பிழைப் போட்டி இருபது ஆண்டுகள் நடந்தது. 2023-இல் பாரிஸின் ஷான்ஸ்-எலிசே சாலையிலேயே மேசைகளைப் போட்டு ஆயிரக்கணக்கானோருக்கு டிக்தே சொன்னார்கள். தாய்மொழியாளருக்கே கேட்டதை எழுதுவது அத்தனை சவால் என்றால், புதிதாகக் கற்பவருக்கு அதில் எவ்வளவு பாடம் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

செய்முறை எளியது. எழுத்துவடிவம் உடன் கிடைக்கக்கூடிய ஒலிப்பதிவில் பதினைந்து அல்லது இருபது விநாடிப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, முதலில் பேனாவைத் தொடாமல் இரண்டு முறை கேட்க வேண்டும். மூன்றாவது முறை வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி எழுத வேண்டும். பிறகே மூலத்தைத் திறந்து, வேறு நிற மையால் திருத்த வேண்டும். திருத்தும்போது பிழைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன்: காதில் விழாததால் வந்தவை, சரியாகக் கேட்டும் எழுத்துத் தெரியாததால் வந்தவை. இரண்டாவது வகையைப் பற்றித் தொடக்கத்தில் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. முதல் வகைதான் மறுநாள் காலையில் மீண்டும் கேட்க வேண்டியது. கடைசியாக, மூலத்தைக் கண்ணால் பார்த்தபடி, ஒலிப்பதிவோடு சேர்ந்து உரக்கப் படிக்க வேண்டும்.

தெருவில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று பொருள்படும் ஒரு சாதாரண வாக்கியத்தை வைத்து இதைப் பார்க்கலாம். பாடப்புத்தகக் குரலில் அது ‘இல் யா தேஸான்ஃபான் தான் லா ரூ’ என்று வரும். கடைத்தெருப் பேச்சில் முதலிரண்டு ஒலிகளும் சுருங்கி ‘யா’ மட்டுமே மிஞ்சும். கேட்பவர் ‘ஸான்ஃபான்’ என்றொரு சொல் இருப்பதாக நினைத்து அகராதியைப் புரட்டுவார். இருப்பது ‘ஆன்ஃபான்’தான், முன்னால் நிற்கும் ‘தே’யின் கடைசியில் ஒலியின்றித் தூங்கிக்கொண்டிருந்த எஸ், அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கியதும் விழித்துக்கொண்டு அதோடு ஒட்டிக்கொண்டது. பூவும் அழகும் சேர்ந்து பூவழகாகும் புணர்ச்சியை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை, ஆனால் விதியாகப் படிப்பதைவிட ஐந்தாறு டிக்தேக்களில் இந்த இடத்தில் இடறுவதே விரைவாகப் பதிகிறது.

தமிழ்க்காதுக்கு இந்த மொழியில் சில சலுகைகளும் சில பள்ளங்களும் உண்டு. ஆங்கிலேயருக்காக எழுதப்பட்ட கையேடுகளில் இவை இருக்காது. மூக்கொலி உயிர்களைப் பற்றி அந்தக் கையேடுகள் பக்கம்பக்கமாக அச்சுறுத்தும். நாமோ பேச்சில் மரம், அவன் என்பவற்றின் கடைசி மெய்யை முழுதாக ஒலிக்காமல் மூக்கில் கரைத்துவிடுபவர்கள். அதே அசைவுதான் அங்கும் வேண்டும். சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, த, க ஒலிகளை ஆங்கிலேயர்போல் காற்றோடு வெடிக்காமல் சொல்வதும் நமக்கு இயல்பு. பள்ளம் இருப்பது எஸ், இஸட் ஒலி வேறுபாட்டில். ‘அவர்களிடம் இருக்கிறது’ என்பதற்கும் ‘அவர்கள் இருக்கிறார்கள்’ என்பதற்கும் இடையில் உள்ள வித்தியாசம் அந்த ஒரே ஒலிதான். மீனுக்கும் நஞ்சுக்கும் இடையில் உள்ளதும் அதுவே. இதனால்தான் பிரெஞ்சு உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்கும் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. இங்கே வேறு வழியின்றிச் செய்கிறேன். உங்கள் குறிப்பேட்டில் வேண்டாம், ரொட்டியும் குளியலும் அதில் ஒரே ‘பேன்’ ஆகிவிடும். மற்றொரு பள்ளம், உதட்டை உகரத்துக்குக் குவித்துக்கொண்டு நாக்கை இகரத்துக்கு வைத்துச் சொல்ல வேண்டிய உயிரொலி. ‘நீ’ என்பதும் ‘எல்லாம்’ என்பதும் நம் காதில் ஒரே ‘தூ’வாக விழுவது இதனால்தான். கண்ணாடி முன் நின்று இகரத்தை நீட்டியபடியே உதட்டை மட்டும் மெல்லக் குவித்துப் பழகினால், சில வாரங்களில் வாய்க்கு வரும். வாய்க்கு வந்த பிறகே காதும் பிரித்தறிகிறது என்பது என் கவனிப்பு.

எண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். எழுபது என்பதை அறுபது-பத்து என்றும், எண்பதை நான்கு-இருபது என்றும், தொண்ணூறை நான்கு-இருபது-பத்து என்றும் பிரான்சில் சொல்கிறார்கள். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேரான சொற்கள் உண்டு. இதைக் கட்டுரையில் படிக்கும்போது வேடிக்கையாக இருக்கும். தொலைபேசி எண்ணை எழுதும்போதுதான் வினை. பிரான்சின் பத்து இலக்க எண்களை இரண்டிரண்டாகவே வாசிப்பார்கள். ‘அறுபது’ என்று கேட்டதும் பேனா 6 என்று எழுதி 0 போடப் போகும். அதற்குள் ‘பதினைந்து’ என்று வரும். எழுத வேண்டியது 75. அதைத் திருத்துவதற்குள் அடுத்த ஜோடி போயிருக்கும். விலைகள், ரயில் நேரங்கள், தொலைபேசி எண்கள் ஆகியவற்றை மட்டுமே கொண்ட ஒலிப்பதிவுகளை வாரம் ஒருமுறை கேட்டு எழுதுவதைத் தவிர இதற்கு மருந்து எனக்குத் தெரியவில்லை.

சொற்களை நினைவில் நிறுத்த ‘ஆங்கி’ என்ற இலவசக் கணினி மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். மறக்கப்போகும் தறுவாயில் அட்டையை மீண்டும் காட்டும் இடைவெளி முறையில் அது இயங்குகிறது. நாளொன்றுக்கு இருபது புதிய அட்டைகள் என்பது அதன் இயல்பமைப்பு. வேலைக்குப் போகிறவர் உடனே அதை ஏழு, எட்டாகக் குறைத்துவிட வேண்டும், இல்லையெனில் சில வாரங்களிலேயே மீள்பார்வைக் குவியல் மலைபோல் ஏறி, ஒருநாள் திறக்கவே மனம் வராமல் போகும். இணையத்தில் கிடைக்கும் ஆயத்த அட்டைத் தொகுப்புகளை நான் இப்போது தொடுவதில்லை; டிக்தேயில் நான் தவறவிட்ட வாக்கியங்கள் மட்டுமே ஒலியோடு என் அட்டைகளாகின்றன. பெயர்ச்சொல்லை எழுதும்போது அதன் முன் வரும் சுட்டுச்சொல்லையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் ஒரு நுட்பம் உண்டு. ஆண்பாலுக்கு ‘ல’, பெண்பாலுக்கு ‘லா’ என்ற இணையை எழுதினால், உயிரொலியில் தொடங்கும் சொற்களின் முன் இரண்டும் தேய்ந்து ஒன்றாகி, ஆண்பாலா பெண்பாலா என்பது மறைந்துவிடும். ‘ஒரு’ என்று பொருள்படும் இணையை எழுதினால் பால் எப்போதும் காதில் விழும். மேசைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பால் எதற்கு என்று அஃறிணைக்காரர்களாகிய நாம் கேட்பதில் நியாயம் இருக்கிறது, பயன்தான் இல்லை. ஈறுகளைக் கவனிப்பது ஓரளவு உதவும்: ஆங்கிலத்தில் ‘-ஷன்’ என்று முடியும் சொற்களின் பிரெஞ்சு இணைகள் ஏறக்குறைய எல்லாமே பெண்பால், ‘-மெண்ட்’ என்று முடிபவற்றின் இணைகள் ஆண்பால்.

இலக்கணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். இருத்தல், உடைமை, போதல், செய்தல் என்ற நான்கு வினைகளையும் நிகழ்காலத்தில் உறுதிப்படுத்திக்கொண்டால், போதல் வினையைத் துணையாக வைத்து எதிர்காலத்தையும், இருத்தல், உடைமை வினைகளை வைத்துப் பேச்சின் இறந்தகாலத்தையும் அமைத்துவிடலாம். 1929-இல் தொடங்கப்பட்ட ‘அஸிமில்’ நிறுவனத்தின் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் ஐம்பது பாடங்கள்வரை கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். அதன் பிறகு நாளும் ஒரு புதிய பாடத்தோடு, முதலாவதிலிருந்து ஒரு பழைய பாடத்தை எடுத்து, இம்முறை பிரெஞ்சுக்கு மொழிபெயர்க்க வேண்டும். புரிதலுக்கும் பேசுதலுக்கும் இடையில் வேண்டுமென்றே விடப்படும் அந்த இடைவெளி, வெட்கப்படும் சுபாவம் உள்ளவர்களுக்கு நல்ல ஏற்பாடு.

நாள்வரிசையைக் காட்டி, விட்டுப்போனால் கண்ணீர் விடும் கைப்பேசி விளையாட்டுச் செயலிகளை நான் பேருந்து நேரத்துக்கு மட்டும் வைத்திருந்து பின்னர் நீக்கிவிட்டேன். கொடுக்கப்பட்ட சொற்களை வரிசைப்படுத்தும் வேலையில் விடை ஏற்கெனவே திரையில் இருக்கிறது. பாரிஸின் பேக்கரியில் அப்படி யாரும் சொற்களைப் பரப்பிவைக்கப் போவதில்லை. தொடக்க ஆர்வத்தை மூட்ட அவை உதவும் என்பதை மறுக்கவில்லை.

பேச்சுக்கு ஆள் வேண்டும். எனினும் முதல் சில மாதங்களுக்கு, ஒலிப்பதிவோடு சேர்ந்து பேசி, அதைக் கைப்பேசியில் பதிந்து, மூலத்தோடு ஒப்பிட்டுக் கேட்பது பெருமளவு ஈடுசெய்கிறது. அந்தக் கட்டத்துக்குப் பிறகு ஒரு புறத்தேர்வு நல்லது. பிரெஞ்சு அரசின் மொழிச் சான்றிதழ்த் தேர்வான டெல்ஃபில் தொடக்க நிலை ஏ1. அது கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண், தேர்ச்சிக்கு மொத்தம் 50 வேண்டும், எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. சென்னையில் அலையான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையம் இத்தேர்வை நடத்துகிறது. பேச்சுப் பகுதியில் தன்னைப் பற்றிய உரையாடல் முடிந்ததும், ஒற்றைச் சொல் எழுதிய சீட்டுகளைக் கொடுத்து, அச்சொற்களை வைத்துத் தேர்வாளரிடம் கேள்வி கேட்கச் சொல்வார்கள். பிறகு கடைக்காரர், வாடிக்கையாளர் என்று பாவித்துப் பொருள் வாங்கும் நாடகம். வீட்டில் தனியே படிப்பவர்கள் விடை சொல்லவே பழகியிருப்பார்கள், கேள்வி கேட்கப் பழகியிருக்க மாட்டார்கள். சொல்லொன்றைக் குலுக்கலில் எடுத்து அதில் இரண்டு கேள்விகள் அமைக்கும் பயிற்சியை அட்டைகளோடு சேர்த்துக்கொள்வது இதற்காகத்தான்.

எவ்வளவு காலம் ஆகும் என்ற கேள்விக்கு, அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுவோர் பணியாற்றும் அளவுக்குப் பிரெஞ்சு கற்க 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் என்று நெடுங்காலம் கணக்கிட்டுவந்தது. அது ஆசிரியரோடு முழுநேரமாக அமர்ந்து படிப்போருக்கானது. தினமும் அரைமணி என்றால் ஆண்டுக்கு 180 மணி நேரம்தான் சேரும். கனடா குடியேற்றப் புள்ளிகளுக்காக ஆறே மாதத்தில் பிரெஞ்சு என்று விளம்பரம் பார்த்து வருபவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.

ஒலிப்பதிவுகளைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் டிவி5 மோந்த் நிறுவனம் ஏ1 நிலைக்கென்று இலவசமாக வைத்திருக்கும் காணொளிப் பயிற்சிகளும் பாடப்புத்தக ஒலிகளுமே போதுமானவை. அதற்கடுத்த ஏ2 நிலை ஓரளவு கைவந்ததும், பிரெஞ்சு வானொலியான ஆர்.எஃப்.ஐ. நாள்தோறும் எளிய பிரெஞ்சில் வழங்கும் பத்து நிமிடச் செய்திக்கு மாறலாம். எழுத்துவடிவமும் கூடவே கிடைக்கிறது. எளிய என்ற அடைமொழியை நம்பி முதல் மாதமே அதில் இறங்க வேண்டாம். எளிமை விளக்கங்களில்தான், செய்தியின் பின்புலத்தையும் கடினமான சொல்லையும் நின்று சொல்கிறார்கள். வேகம் அவ்வளவு குறைவதில்லை. நான் இப்போது முதல் ஒரு நிமிடத்தை மட்டும் டிக்தேயாக எழுதுகிறேன், மீதி ஒன்பது நிமிடத்தை எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிடுகிறேன். உலகச் செய்தி என்பதால் பாதி விஷயம் காலை நாளிதழிலேயே தெரிந்திருக்கிறது, ஊகிக்க அது கைகொடுக்கிறது.