சந்தாபுரா பார்ட்டி ஹால்: சின்ன சபை ஆரம்பிக்க எடுக்கலாமா?

ஐந்துக்கு மூன்றரை ஸ்டார். ஹாலின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் ஓனரே "பேர் போடாதீங்க சார், அப்புறம் பத்து சர்ச்காரங்க வந்து நிப்பாங்க" என்று சொல்லிவிட்டார். பெங்களூருக்கு வெளியே ஓசூர் ரோட்டில் இருக்கிற சந்தாபுரா சர்க்கிளில் இருந்து ஆனேக்கல் ரோட்டில் கொஞ்ச தூரம். கீழே ஹார்டுவேர் கடை, நடுவில் டியூஷன் சென்டர், மூன்றாவது மாடியில் ஹால். பிறந்தநாள், வளைகாப்பு, சீட்டுக் கூட்டம் எல்லாம் நடக்கிற இடம், ஞாயிறு காலை மட்டும் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு. நான் சபையில் கணக்கு பார்க்கிறவன், அதனால் இதில் ஆவிக்குரிய விஷயத்தைவிட படிக்கட்டும் பாத்ரூமும்தான் அதிகம் வரும்.

முதலில் இந்த ஏரியாவில் ஏன் என்று கேட்பார்கள். பெங்களூரின் பழைய தமிழ் ஆலயங்கள் பெரும்பாலும் கன்டோன்மென்ட் பக்கம், சிவாஜிநகர், அல்சூர் என்று இருக்கின்றன. இங்கிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். பொம்மசந்திராவிலும் ஜிகணியிலும் கம்பெனி வேலைக்கு வந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆட்கள், 2001-ல் சுரங்கம் மூடின பிறகு கோலார் தங்கவயலை விட்டு வந்த குடும்பங்கள், இவர்கள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ் மாறி மாறி அங்கே போய்த் திரும்பினால் இருக்கிற ஒரே லீவு நாளும் போச்சு. 2025 ஆகஸ்டில் மஞ்சள் லைன் மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்த பிறகு ஓசூர் ரோடு நெடுகிலும் இருந்து ஆட்கள் வருகிறார்கள், அது தனி சந்தோஷம்.

ஹாலுக்கு முன்னால் வீட்டில்தான் கூடினோம். வீட்டில் பத்துப் பதினைந்து பேர் வரை எந்தத் தொல்லையும் இல்லை. அதற்கு மேல் போனால் செருப்பு பக்கத்து வீட்டு வாசல் வரை போகும், வண்டி கேட்டை மறைக்கும், கீபோர்டும் ரிதம் பேடும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2000-ம் வருஷ ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான், சாதாரணமாக உட்கார்ந்து பேசுவதே 60 பக்கம் வரும். வணிகப் பகுதி என்றால் 65. இந்தக் கட்டடம் மெயின் ரோட்டில், சுற்றிலும் கடைகள், ஞாயிறு காலை பாதி ஷட்டர் மூடியிருக்கும், அதனால் இதுவரை சத்தம் பற்றி யாரும் மேலே ஏறி வரவில்லை. இந்த ஒரு காரணத்துக்கே முதல் இரண்டு ஸ்டார் கொடுத்துவிடலாம்.

சொந்தக் கட்டடம் இல்லாமல் என்ன சபை என்று ஊரில் இருந்து வருகிற பெரியவர்கள் சொல்வார்கள். பைபிளில் எபேசு பட்டணத்தில் அப்போஸ்தலன் பவுல் இரண்டு வருஷம் பேசினது திறன்னு என்பவரின் வித்தியாசாலையில், அதாவது பள்ளிக்கூடத்தில், அதுவும் இன்னொருத்தர் இடம்தான். அதைச் சொன்னால் பேச்சு முடிந்துவிடும்.

சரி, ஹாலுக்கு வருவோம். எண்பது நாற்காலி தாராளமாகப் போடலாம், நூறு போட்டால் நடுவில் நடக்க வழி இருக்காது. ஏசி கிடையாது, ஃபேன் போதும். பெஸ்காம் (மின்வாரியம்) ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் கரண்டை எடுப்பார்கள், அதற்கு யு.பி.எஸ். இருக்கிறது, ஆனால் மைக்கும் ப்ரொஜெக்டரும் ஓடும், ஃபேன் ஓடாது. ப்ரொஜெக்டர் இல்லாமல் இங்கே ஆராதனை நடத்த முடியாது. பிள்ளைகள் படிப்பது கன்னடமும் இங்கிலீஷும், தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது, அதனால் பாட்டு வரிகளைத் தமிழில் ஒன்றும் அதன் கீழே ஆங்கில எழுத்தில் ஒன்றுமாகப் போடுகிறோம். வெள்ளைச் சுவர் பெரிதாக இருப்பதால் தனி ஸ்கிரீன் வாங்கவில்லை.

குறை என்றால் சனிக்கிழமை ராத்திரி பார்ட்டிதான். சுத்தம் செய்கிறவர் வருவது எட்டரை, ஆராதனை ஒன்பது. கதவைத் திறந்தால் தரையில் கேக் க்ரீம், நாற்காலி அடியில் சிப்ஸ், ஒரு மூலையில் பாதி காற்று போன பலூன்கள். வாலிபர் கூட்டம் ஏழரைக்கே வந்து துடைப்பத்தை எடுத்துவிடுகிறது. மேடைச் சுவரில் தங்க நிற பலூன் எழுத்தில் 'ஹேப்பி பர்த்டே' அப்படியே தொங்கும். ஒருமுறை 'பர்த்டே' மட்டும் கழன்று விழுந்துவிட்டது, மிச்சமிருந்த 'ஹேப்பி'க்குக் கீழே நின்றுகொண்டு பாஸ்டர் புலம்பல் புத்தகத்தில் இருந்து பிரசங்கம் செய்தார்.

அடுத்தது படி. லிஃப்ட் இல்லை. முட்டி வலி இருக்கிற பாட்டிமார் டியூஷன் சென்டர் வாசலில் ஒரு நாற்காலி போட்டு மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே வருகிறார்கள், இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் திரும்ப வருவதும் வராததும் பிரசங்கத்தைப் பொறுத்தது என்று நாம் நினைக்கிறோம், எனக்கென்னவோ பாதி படிக்கட்டையும் ஒரே ஒரு பாத்ரூமையும் பொறுத்தது என்றுதான் தோன்றுகிறது. மூன்றாம் மாடி என்றதும் விருந்தினராக வருகிற ஒவ்வொரு போதகரும் பைபிளில் பவுலின் பிரசங்கத்தின்போது மூன்றாம் மாடி ஜன்னலில் தூங்கி விழுந்த ஐத்திகு ஜோக்கைச் சொல்லிவிடுகிறார், கிரில் போட்டிருக்கிறது, பயப்பட வேண்டாம்.

சண்டே ஸ்கூலுக்குத் தனி அறை இல்லை. சாமான் வைக்கிற அறையில் பாய் விரித்து நடத்துகிறோம், பிரசங்கம் நடக்கும்போது அங்கே இருந்து கைதட்டல் கேட்கும்.

ஓனர் விஷயத்தில் முழு மார்க். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் பேப்பர் விஷயத்தில் கறார். 2022-ல் கர்நாடகத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்ததில் இருந்து ஹால் ஓனர்களுக்கு உள்ளுக்குள் ஒரு பயம், மறுவருஷம் அமைச்சரவை அதை நீக்க முடிவெடுத்தும் அந்தப் பயம் முழுசாகப் போகவில்லை. அவர் கேட்டது இரண்டே விஷயம்: வாடகை பேங்க் வழியாக, ஒப்பந்தம் சபை பெயரில். கர்நாடக சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம், அதைச் செய்தோம். பாஸ்டரின் சொந்த கூகுள் பே ஸ்கேனரை பிரசங்க பீடத்தில் ஒட்டி வைத்திருக்கும் சபைகள் நிறைய, நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் நல்ல மனுஷன் பெயர்தான் கெடும். காணிக்கையை இரண்டு பேர் எண்ணி, நோட்டில் எழுதி, மறுநாளே பேங்கில் கட்டிவிடுவது எங்கள் வழக்கம்.

ஹால் வந்ததால் சபை வளர்ந்ததா? கூட்டம் கூடியது உண்மை. ஆனால் அதில் கணிசமான பேர் வேறு சபையில் இருந்து வந்தவர்கள், பக்கத்தில் இருக்கிறதே என்று வந்தார்கள், அதை வளர்ச்சிக் கணக்கில் எழுத எனக்கு மனசு வராது, பாஸ்டருக்கும் வராது. முதல் தடவையாக ஒரு சபைக்குள் வந்தவர்கள் எல்லாம் வியாழக்கிழமை வீட்டு ஜெபத்தில் இருந்து வந்தவர்கள். நைட் ஷிப்ட் முடித்தவர் காலையில் தூங்குவார் என்று தெரிந்து சாயங்காலம் போவது, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களுக்கு சாப்பாடு கட்டிக் கொடுப்பது, ரேஷன் கார்டு, ஆதார் முகவரி மாற்றத்துக்குக் கூடப் போய் நிற்பது. இதையெல்லாம் எந்த ஹாலும் கொடுக்காது. ஹால் இல்லாவிட்டால் அவர்களை எல்லாம் ஒரே இடத்தில் உட்கார வைக்கவும் முடியாது.

எடுக்க நினைப்பவர்களுக்கு: ஞானஸ்நானத் தொட்டிக்கு இங்கே இடமில்லை, நாங்கள் ஒரு மூத்த சபையிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்குத் தனியாகப் பேச வேண்டும், அன்று பார்ட்டிக்காரர்கள் மூன்று மடங்கு கொடுப்பார்கள், அக்டோபரிலேயே சொல்லி வையுங்கள். பத்து மணிக்கு மேல் மைக் சத்தம் வெளியே போகக் கூடாது, ஜன்னலை மூடிவிடுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள், பாத்ரூமில் தண்ணீர் வருகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.