டூரிங்குக்கு எந்தக் கிளிப் பெடல்? கிளீட்டை வைத்து ஓர் அலசல்

சுமை கட்டிய சைக்கிளில் நாள்கணக்கில் போகிறவர், ரேஸ் ஓட்டுபவரைவிடக் கூடுதலாகச் செய்வது ஒன்றுதான்: நடை. டீக்கடை, கோயில் வாசல், லாட்ஜ் மாடிப்படி, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித் தள்ளும் நாலைந்து. அதனால் பெடலில் ஏறுவது எப்படி என்பதைவிட, பெடலை விட்டு இறங்கிய பிறகு ஷூவின் அடியில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் கிளீட் (கிளிப் பெடலில் பூட்டிக்கொள்ளும் சிறு துண்டு) என்ன ஆகிறது என்பதே எனக்கு முக்கியம். என் சைக்கிளில் இருப்பது ஒரு பக்கம் எஸ்பிடி (ஷிமானோவின் இரண்டு போல்ட் கிளீட் முறை), மறுபக்கம் தட்டையாக உள்ள பெடல். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

கிளீட்டை மூன்று போல்ட்டால் ஷூவில் மாட்டும் ரோடு ரேஸ் வகையை (ஷிமானோவின் எஸ்பிடி-எஸ்எல், லுக் கம்பெனியின் கியோ) ஒரே பத்தியில் முடித்துவிடலாம். 1985-ல் பிரெஞ்சு வீரர் பெர்னார் ஈனோ டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றது லுக் கிளிப் பெடலில். அந்த வம்சத்துக்குச் சாலையில் இன்றும் மரியாதை உண்டு. ஆனால் பெரிய பிளாஸ்டிக் கிளீட் ஷூவின் அடியிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். தார் ரோட்டில் நடக்க நடக்கத் தேயும், டைல்ஸ் தரையில் வழுக்கும். ரப்பர் உறை மாட்டி நடக்கலாம். ஒவ்வொரு டீக்கும் யார் மாட்டுவார்கள்?

எதுவும் பூட்டாத தட்டைப் பெடல் உண்மையான போட்டியாளர். உலகம் சுற்றுகிறவர்களில் பலர் அதிலேயே போகிறார்கள். பெடலை மேல்நோக்கி இழுத்தால் கூடுதல் சக்தி என்ற பேச்சை டூரிங் வேகத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பூட்டுவதன் லாபம் வேறு: ஏழெட்டு மணி நேரம் மிதித்தாலும், மழையில் நனைந்தாலும், குழியில் குலுங்கினாலும், பாதம் வைத்த இடத்திலேயே இருக்கும். அந்த லாபம் வேண்டாதவர் முள் வைத்த நல்ல தட்டைப் பெடலை வாங்கிவிட்டு இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மிச்சம் இரண்டு போல்ட் வகைகள். இவற்றில் கிளீட் சிறியது, உலோகம், ஷூவின் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே பள்ளத்தில் உட்காரும்.

கிராங்க்பிரதர்ஸ் கம்பெனியின் எக்பீட்டர், கேண்டி பெடல்கள் இரண்டிலும் நாலு பக்கமும் பூட்டலாம், சேறு தங்காது. பெடலுக்கு இது பெரிய நற்சான்று. ஆனால் ஸ்பிரிங் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. அடையாளமிட்ட கிளீட்டை எந்தக் காலில் மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து, குதிகாலை 15 அல்லது 20 டிகிரி திருப்பினால் விடும், அவ்வளவுதான். கிளீட் பித்தளை. எஃகுப் பெடல் தேயாமல் கிளீட்டே தேயட்டும் என்ற கணக்கு நியாயமானதுதான். ஆனால் மணலும் ஜல்லியும் மிதிக்கும் டூரிங் நடையில் பித்தளை சீக்கிரம் கரையும். டைம் கம்பெனியின் அட்டாக் பெடலுக்கும் பித்தளைக் கிளீட்தான். முழங்காலுக்கு இதமானது என்று அதை ஓட்டுபவர்கள் புகழ்கிறார்கள். நீண்ட பயணத்தில் நான் ஓட்டிப் பார்க்காததால் அதற்கு மேல் சொல்லவில்லை.

எஸ்பிடியில் கிளீட் எஃகு. தேய்மானம் மெதுவாக வரும், முன்கூட்டியே தெரியும்: பூட்டிய பிறகும் கால் கூடுதலாக ஆடும், ஏற்றத்தில் தானே கழன்றுகொள்ளும். அப்போது இரண்டு காலுக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். கழற்றுமுன் பழைய கிளீட்டைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டால் புதியது அதே இடத்தில் உட்காரும்.

எஸ்பிடியின் பலவீனம் கிளீட் அல்ல, அதைப் பிடித்திருக்கும் இரண்டு எம்5 போல்ட்கள். இதில் ஒன்று தளர்ந்துவிட்டால் குதிகாலைத் திருப்பும்போது ஷூ மட்டும் திரும்பும், கிளீட் பெடலிலேயே நிற்கும். கால் வெளியே வராது. சிக்னலில் பக்கவாட்டில் விழ வேண்டியதுதான். அப்படி மாட்டிக்கொண்டால் எதையாவது பிடித்து நின்று, ஷூவை அவிழ்த்துக் காலை மட்டும் எடுங்கள். பிறகு 3 மி.மீ. ஆலன் கீயால் பெடலின் ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்தி, ஷூவைக் கையால் திருகி எடுக்கலாம். இது நேராமலிருக்க மரையில் கிரீஸ் தடவி, 4 மி.மீ. கீயால் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். புதுக் கிளீட் ஷூவின் அடியில் அழுந்தி உட்கார்ந்ததும் போல்ட் கொஞ்சம் தளரும். முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள்.

அடுத்த தொல்லை துரு. கிழக்குக் கடற்கரைச் சாலையின் உப்புக்காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்தால் கிரீஸ் இல்லாத போல்ட் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஆலன் கீ நுழையும் குழியில் மண் அடைந்திருக்க, கீயை அரைகுறையாக நுழைத்துத் திருப்பினால் குழி வட்டமாகிவிடும். இறுக்கிய உடனே மெழுகுவர்த்தியை உருக்கி அந்தக் குழியில் விட்டால் மண் ஏறாது. தேவைப்படும்போது ஊசியால் குத்தி எடுத்துவிடலாம். ஏற்கெனவே வட்டமாகிவிட்டதென்றால் டி25 நட்சத்திர பிட்டைச் சுத்தியலால் தட்டி இறக்கித் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அசையும். அதுவும் தோற்றால் டிரில் போட்டுப் போல்ட் தலையை எடுக்க வேண்டியதுதான்.

எஸ்பிடிக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. ஷிமானோ எம்520 இரு பக்கமும் பூட்டும். இஎச்500 ஒரு பக்கம் மட்டும். எடை இரண்டுக்கும் ஜோடி ஏறத்தாழ 380 கிராம்தான். சுமையோடு ஏற்றத்தில் கிளம்பும்போது எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பார்க்கத் தேவையில்லாதது எம்520-இன் வசதி. இஎச்500-இல் குனிந்து பார்த்துக் காலால் புரட்ட வேண்டும். ஆனால் நெரிசலான ஊருக்குள் தட்டைப் பக்கத்திலேயே மிதித்துப் போகலாம். மாலையில் லாட்ஜில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, செருப்போடு சாப்பிடக் கிளம்பலாம். எம்520-இல் செருப்புக் கால் நிற்க இடம் கிடையாது. எனக்கு இது போதும் காரணம். தினமும் மலை ஏறுபவர் எம்520 எடுத்தால் தவறில்லை.

எஸ்பிடி கிளீட்டில் இரண்டு வகை. எஸ்எச்51 பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். எஸ்எச்56 பல திசையில் விடும், பதற்றத்தில் மேலே இழுத்தாலும்கூட. புதிதாகத் தொடங்குபவருக்கு 56 நல்லது. ஏற்றத்தில் எழுந்து நின்று இழுத்து மிதிக்கிறவருக்கு எதிர்பாராமல் கழலலாம், அவர் 51-க்கு மாறுவது மேல். எம்520-இல் ஸ்பிரிங் திருகு ஜோடிக்கு நாலு. ஒவ்வொன்றையும் கடைசிவரை தளர்த்தி, அங்கிருந்து ஒரே எண்ணிக்கையில் இறுக்குங்கள். கிளீட்டைக் கட்டைவிரல் மூட்டு பெடல் அச்சுக்கு நேராக வரும்படி வைத்து, பிறகு 5 மி.மீ. அளவு குதிகால் பக்கம் தள்ளினால் நீண்ட தூரத்தில் உள்ளங்கால் எரிச்சல் குறையும்.

ஷூ விஷயத்தில் கார்பன் அடி வேண்டாம், நடக்க ஆகாது. கையால் வளைத்தால் முன்பக்கம் லேசாக வளைய வேண்டும், கிளீட் இருக்கும் இடம் வளையக் கூடாது. வெயிலில் பாதம் வீங்கும், அதனால் மாலையில் போய் அரை சைஸ் கூட்டி வாங்குங்கள். கயிறு வைத்த ஷூவானால் முடிச்சைச் செருகி வைக்காவிட்டால் வலது காலில் செயின்ரிங் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்) இழுத்துக்கொள்ளும். கோயிலும் வீடும் பார்த்துப் பார்த்துக் கழற்றி மாட்டுகிறவருக்கு ஷிமானோவின் எஸ்பிடி சாண்டல் வசதி. மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காயும், விரலிடுக்கில் ஜல்லி புகுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எந்த ஷூவானாலும் அவ்வப்போது தட்டையான தரையில் வைத்துப் பாருங்கள். கிளீட் தரையைத் தொட்டால் ரப்பர் கட்டை தேய்ந்துவிட்டது, ஷூவின் காலம் முடிந்தது.

சிறிய ஊர்ச் சைக்கிள் கடையில் கிளீட் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். ஒரு ஜோடி கிளீட், நாலு போல்ட், 3, 4 மி.மீ. ஆலன் கீ: உள்ளங்கையில் அடங்கிவிடும். ரயிலிலோ விமானத்திலோ சைக்கிளை அனுப்பப் பெடலைக் கழற்றுவதானால், உங்கள் பெடலுக்கு 15 மி.மீ. ஸ்பேனரா, 6 அல்லது 8 மி.மீ. ஆலன் கீயா என்று வீட்டிலேயே பார்த்து அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். பெடல் இருக்கும் வெளிப்பக்கத்திலிருந்து பார்த்தால், கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.