கிராம்பு உலர்த்திக்கு யாரோடு கைகோப்பது?

கன்னியாகுமரி மாவட்டம் மாறாமலைப் பக்கம் கிராம்பு பறித்த கையோடு மழை பிடித்துக்கொண்டால் போச்சு. நான்கைந்து நாள் நல்ல வெயில் கிடைத்தால்தான் மொட்டு கரும்பழுப்பாகும், ஒடித்தால் டக்கென்று முறியும். ஈரம் நின்றால் வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். 2021இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்குக்கு இந்த நிலை. அதற்காக ஒரு சின்ன உலர்த்தி செய்ய நானும் நண்பனும் இறங்கியிருக்கிறோம். லேப் கிடையாது, பணமும் கிடையாது. அதனால் பல்கலைக்கழகத் துணை தேடுகிறோம்.

முதலில் ஐஐடி மெட்ராஸ். புதுத் தொழில்களுக்குக் கைகொடுக்கும் இன்குபேஷன் மையம், ரிசர்ச் பார்க், முதலீட்டாளர் அறிமுகம் எல்லாம் உண்டு. ஆனால் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். பச்சை மொட்டு அங்கே போய்ச் சேருவதற்குள் வாடிவிடும். கையில் ஓடுகிற மாதிரி ஒன்று இருந்தால் பிறகு போகலாம்.

நாகர்கோவில் பக்கம் கோணம் என்ற ஊரில் அண்ணா பல்கலைக்கழக உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஃபேன், சென்சார், தட்டு என்று உலர்த்தியைச் செய்துபார்க்க இயந்திரவியல் பிள்ளைகள் போதும், ஃபைனல் இயர் புராஜெக்டாகவே எடுக்கலாம். சிக்கல் என்னவென்றால், படிப்பு முடிந்ததும் அவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள், பெட்டி மூலையில் கிடக்கும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூடவே சேர்க்கச் சொல்லி, புராஜெக்டுக்கு வழிகாட்டும் பேராசிரியரிடம் கேட்க வேண்டும்.

என் மனம் நிற்பது பேச்சிப்பாறையில். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், இலவங்கப்பட்டையிலும் கொடம்புளியிலும் ரகம் வெளியிட்ட இடம். மெஷின் அவர்கள் வேலையில்லை, சரி. ஆனால் எங்கள் உண்மையான கேள்வி மெஷினே இல்லை: எவ்வளவு சூட்டில் மணம் தரும் எண்ணெய் பறக்கத் தொடங்கும்? சூடு கூடினால் மொட்டு காயும், வாசனை போய்விடும். அதைப் பயிர் தெரிந்தவரிடம்தான் கேட்க முடியும். ஆகவே முதலில் பேச்சிப்பாறை, சூடு தெரிந்த பிறகு கோணம்.

முன்பு ஒரு கல்லூரியோடு எம்ஓயு, அதாவது புரிந்துணர்வு ஒப்பந்தம், போட்டோம். பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், அப்புறம் ஒரு போன்கூட வரவில்லை. மனசு நொந்துபோனது. அதனால் இந்தத் தடவை யாரிடமும் வரைபடம் காட்டும் முன்பே தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் (யோசனை எங்களுடையது என்று முதலிலேயே தேதி பதித்துவைக்கும் மனு) போடுகிறோம். தனிநபருக்கு ஆன்லைனில் 1,600 ரூபாய். முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம். ஒப்பந்தத்தில் யார் பெயரில் உரிமை, எந்தப் பேராசிரியர் பொறுப்பு, எந்த மாதத்துக்குள் எந்தச் சோதனை என்ற மூன்றும் எழுத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடமாட்டோம்.