ஃபிரெய்ட் புரோக்கர் பயிற்சி வகுப்பு: சில ஆண்டுகள் தொழில் செய்தபின் ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் ஒருவருடைய சரக்கை மற்றொருவருடைய டிரக்கில் ஏற்றிவிட்டு இடையில் தரகு பெறும் ஃபிரெய்ட் புரோக்கர் தொழிலுக்குக் கூட்டாட்சிச் சட்டம் பட்டம், தேர்வு, பயிற்சி எதையும் கட்டாயமாக்கவில்லை. மோட்டார் சரக்குப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்எம்சிஎஸ்ஏ அமைப்பிடம் 300 டாலர் கட்டணத்துடன் விண்ணப்பித்து, 75,000 டாலருக்கான ஜாமீன் பத்திரத்தையோ டிரஸ்ட் நிதியையோ காட்டி, சட்ட அறிவிப்புகளைத் தன் சார்பில் பெற்றுக்கொள்ளும் முகவர்களையும் பதிவு செய்துவிட்டால் உரிமம் கிடைத்துவிடும். அப்படியிருக்க, பணம் கட்டிப் படிக்கத்தான் வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. நான் இணையவழி வகுப்பு ஒன்றை முடித்து, முதலில் ஒரு நிறுவனத்தின் கீழ் ஏஜென்டாகவும் பிறகு சொந்த உரிமத்திலும் இத்தொழிலைச் செய்துவருகிறேன். வகுப்பு முடிந்த கையோடு எழுதப்படும் பாராட்டுரைகள் நிறையக் கிடைக்கின்றன. கற்றதை வைத்து லோடு ஏற்றிப் பார்த்தவர் எழுதியவை குறைவு என்பதால் இதை எழுதுகிறேன்.

உரிமம் பெறும் வழிமுறைக்கு வகுப்பு அளவுக்கு மீறிய நேரத்தை ஒதுக்கியது. அரசு இணையதளத்தைப் பொறுமையாகப் படிக்கும் எவரும் தாமே செய்துகொள்ளக்கூடிய வேலை அது. ஆனால் ஜாமீன் பத்திரத்தைப் பற்றிய பாடம் மட்டும் நன்றாக இருந்தது. 10,000 டாலராக இருந்த இந்தத் தொகை, 2012இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 2013 அக்டோபர் 1 முதல் 75,000 டாலராக உயர்ந்தது. முழுத் தொகையையும் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை, கடன் தகுதியைப் பொறுத்து ஆண்டுதோறும் ஒரு பிரீமியம் செலுத்தினால் போதும் என்பது பலருக்கும் தெரியும். அது புரோக்கரைக் காக்கும் காப்பீடு என்று நினைப்பவர்களும் பலர். உண்மையில், வாடகை கிடைக்காத கேரியருக்கு, அதாவது சரக்கை ஏற்றிச்செல்லும் டிரக் நிறுவனத்துக்கு, ஜாமீன் நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, அதே தொகையைப் புரோக்கரிடமிருந்து வசூலிக்கும். இந்தக் கணக்கைச் சொந்த உரிமம் எடுப்பதற்கு முன்பே தெளிவாகச் சொல்லித் தந்ததற்காக அந்த ஆசிரியருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

வகுப்பின் உண்மையான பலம் ஆவணப் பாடங்களில் இருந்தது. பாடம் நடத்தியவர் முன்பு டிரக்குகளை வேலைக்கு அனுப்பும் டிஸ்பாட்சராக வேலை பார்த்தவர்; ஒரு லோடு ஷிப்பரின் (சரக்கை அனுப்புபவரின்) விலைக் கேட்பில் தொடங்கி, ரேட் கன்ஃபர்மேஷன் (கேரியருடன் வாடகையையும் நிபந்தனைகளையும் உறுதிசெய்யும் தாள்), பில் ஆஃப் லேடிங் (சரக்கு ஏற்றியதற்கான ரசீது), சரக்கை ஒப்படைத்ததற்கான கையெழுத்து, இன்வாய்ஸ் என்று எந்தெந்தத் தாள்களாக மாறிப் பணமாகிறது என்பதை அவர் வரிவரியாக நிரப்பச் சொன்னார். அப்போது சலிப்பாகவே இருந்தது; அதன் பயன் தொழிலில்தான் தெரிந்தது. கிடங்கில் டிரக் இலவசமாகக் காத்திருக்கும் நேரம் வழக்கமாக இரண்டு மணி. அதற்குப் பின் மணிக்கு எவ்வளவு, அதற்கு என்ன சான்று தேவை, ஆர்டர் கொடுத்துக் கிளம்பிய டிரக்கை வேண்டாமென்று திருப்பி அனுப்பினால் எவ்வளவு, சரக்கிறக்கும் கூலியின் ரசீதை எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் ரேட் கன்ஃபர்மேஷனில் எழுதப்படாவிட்டால், ஒவ்வொன்றும் தொலைபேசிச் சண்டையாக முடியும். புரோக்கர் ஒவ்வொரு பரிவர்த்தனையின் பதிவையும் மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், அந்தப் பரிவர்த்தனையில் பங்குகொண்டவர் அதைப் பார்க்க உரிமை உண்டு என்ற கூட்டாட்சி விதியையும் அவர் மூல வாசகத்துடன் படிக்க வைத்தார். பல புரோக்கர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் அந்த உரிமையைக் கேரியர் விட்டுக்கொடுப்பதாக ஒரு வரியைச் சேர்ப்பதுண்டு. கேரியர்கள் புரோக்கர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இந்த ஒரு வரியும் காரணம் என்பது என் எண்ணம்.

கேரியரைச் சரிபார்க்கும் பாடம் அடிப்படையில் சரியானது, ஆனால் காலத்தால் பின்தங்கியது. உரிமம் நடப்பில் இருக்கிறதா, பொறுப்புக் காப்பீடு சட்டம் கேட்கும் 7,50,000 டாலருக்குக் குறையாமல் இருக்கிறதா, காப்பீட்டுச் சான்றிதழ் கேரியரிடமிருந்து வராமல் காப்பீட்டு முகவரிடமிருந்தே நேரடியாக வந்ததா என்பவற்றைக் கற்பித்தார்கள். பொதுச் சரக்கு ஏற்றுபவர்களுக்குச் சரக்குக் காப்பீடு கூட்டாட்சிச் சட்டப்படி கட்டாயமில்லை, 1,00,000 டாலர் என்பது தொழில் வழக்கம் மட்டுமே என்பதையும் சொன்னார்கள். குளிரூட்டும் எந்திரம் பழுதாகிச் சரக்கு கெட்டால் இழப்பீடு கிடைக்கத் தனி இணைப்பு தேவைப்படும் பாலிசிகள் பல உண்டு என்பதை மட்டும் சொல்லவில்லை. இறைச்சியோ பழமோ ஏற்றும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

இன்னொரு கேரியரின் பெயரிலும் பதிவு எண்ணிலும் லோடை வாங்கி, அதைக் குறைந்த வாடகைக்கு வேறொருவரிடம் தள்ளிவிடும் மறுதரகு மோசடிக்கு வகுப்பில் ஒரு சிறு பகுதியே இருந்தது. நடைமுறையில் என் காலை நேரத்தின் பெரும்பகுதியை விழுங்குவது இந்தச் சரிபார்ப்புதான். மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். அழைப்பவரின் குரலில் எந்தத் தயக்கமும் இருக்காது. லோடு கேட்டவர் கொடுத்த தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு அரசுப் பதிவில் உள்ள எண்ணுக்குத் திருப்பி அழைப்பதையும், கிடங்கில் நிற்கும் டிரக்கின் கதவில் எழுதியுள்ள பெயரைச் சரக்கு ஏற்றும் முன் படமெடுத்து அனுப்பச் சொல்வதையும் நான் வகுப்புக்கு வெளியேதான் கற்றுக்கொண்டேன். ஒரு வகுப்பு இந்தப் பாடத்தை எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பதே அதன் தரத்துக்கு நல்ல அளவுகோல்.

விலை நிர்ணயப் பாடம் ஏமாற்றம் தந்தது. லோடுகளையும் டிரக்குகளையும் பட்டியலிடும் லோடு போர்டு என்ற இணையச் சந்தையில் உள்ள சராசரி வாடகையைப் பார், அதன்மேல் உன் பங்கைச் சேர் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. ஃபுளோரிடாவுக்குள் செல்லும் சரக்கு அதிகம், அங்கிருந்து வெளியே வருவது குறைவு. ஆகவே உள்ளே போகும் டிரக், காலியாகத் திரும்ப நேரும் மைல்களுக்கும் சேர்த்தே வாடகை கேட்கும். வசந்த காலத்தில் காய்கறியும் பழமும் அறுவடைக்கு வரும்போது இதே கணக்கு புரண்டுவிடும். ஒவ்வொரு வழித்தடத்துக்கும் இப்படி ஒரு குணம் உண்டு. அதை எந்தச் சராசரியும் காட்டாது.

ஓட்டும் நேர விதிகளையும் ஒரு பட்டியலாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். பத்து மணி நேர ஓய்வுக்குப் பின் ஓர் ஓட்டுநர் 14 மணி நேர இடைவெளிக்குள் 11 மணி நேரமே ஓட்டலாம். அட்லாண்டாவிலிருந்து சிகாகோ ஏறத்தாழ 700 மைல். மாலையில் ஏற்றிக்கொண்டு மறுநாள் விடியலில் இறக்க வேண்டும் என்று ஷிப்பர் கேட்டால், ஒற்றை ஓட்டுநரால் அதைச் சட்டப்படி செய்ய முடியாது என்று சொல்லி, இரட்டை ஓட்டுநர் டிரக்குக்கான கூடுதல் வாடகையையோ மாற்று நேரத்தையோ முன்வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். முடியாததை முடியாது என்று முதலிலேயே சொல்லும் புரோக்கரைத்தான் ஷிப்பர்கள் மறுபடியும் அழைக்கிறார்கள்.

வாடிக்கையாளர் பிடிக்கும் பாடம் என்ற பெயரில் ஒரு தொலைபேசி வசனத்தைத் தந்தார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பணப்புழக்கத்தைப் பற்றி ஒன்றிரண்டு வாக்கியங்களோடு கடந்து போனதுதான் என் பார்வையில் வகுப்பின் மிகப் பெரிய குறை. ஷிப்பர் 30 நாள், சில வேளைகளில் 45 நாள் கழித்துப் பணம் தருவார். ஒன்றிரண்டு டிரக் வைத்திருக்கும் கேரியரால் டீசல் செலவைத் தாங்கிக்கொண்டு அத்தனை நாள் காத்திருக்க முடியாது; புரோக்கர் அவருக்கு முன்னதாகவே பணம் தர வேண்டியிருக்கும். இந்த இடைவெளியை நிரப்ப, இன்வாய்ஸை வாங்கிக்கொண்டு முன்பணம் தரும் ஃபேக்டரிங் நிறுவனத்திடம் அதைக் கொடுத்தால், இலாபத்தில் ஒரு பகுதி அங்கே போய்விடும். ஆகவே வியாபாரம் பெருகப் பெருகக் கையிருப்பு குறையும் விசித்திரம் இத்தொழிலில் நடக்கும். இதனால்தான், சேமிப்பு குறைவாக உள்ளவர்கள் வேறொரு நிறுவனத்தின் உரிமத்தின் கீழ் ஏஜென்டாகத் தொடங்குவது நல்லது என்கிறேன்; கடன் ஆபத்தும் பணப் பட்டுவாடாவும் அந்த நிறுவனத்தைச் சேரும், தரகில் ஒரு பங்கு நமக்கு வரும். கையெழுத்திடும் முன், விலகிய பின் வாடிக்கையாளர்களைத் தொடர்பு கொள்ளத் தடை உண்டா, எவ்வளவு காலத்துக்கு என்பதை ஒப்பந்தத்தில் படித்துவிட வேண்டும்.

வகுப்பு முடிவில் தந்த சான்றிதழை இதுவரை ஒரு ஷிப்பரும் கேட்டதில்லை, கேரியரும் கேட்டதில்லை. சில வாரங்களில் பெரும் வருமானம் என்று விளம்பரம் செய்யும் வகுப்புகளை ஒதுக்கிவிடலாம். டிரக் நிறுவனத்திலோ கிடங்கிலோ ஏற்கனவே வேலை பார்த்தவருக்கு ஆவணப் பாடங்களும் தெரிந்தவையாகவே இருக்கும். அவர் அந்தப் பணத்தை லோடு போர்டு சந்தாவுக்கு வைத்துக்கொள்ளலாம். துறைக்கு முற்றிலும் புதியவர் சேரலாம், ஆனால் கட்டணம் கட்டும் முன் பாடம் நடத்துபவர் இப்போதும் லோடு ஏற்றுகிறாரா, மோசடிப் பாடம் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, ஒரு முழு லோடின் கணக்கை வரவு செலவோடு காட்டுவார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.