அயோடின் உப்புப் பொட்டலம்: சரக்கு நன்று, உறை போதாது

உப்பில் குறையில்லை. பொடியாக இருக்கிறது, நன்றாக உதிர்கிறது, கசப்பில்லை. நான் எழுத வந்தது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பற்றி.

மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். சிசுவின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் கட்டாயம் வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உறையிலோ, பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில், 'கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம்' என்று போட்டிருக்கிறார்கள். உப்பே நாளுக்கு 5 கிராமைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். பெருக்கிப் பார்த்தேன்: 75 மைக்ரோகிராம். பெரியவருக்கே பாதிதான்!

5 கிராம் உப்பு உண்ணும் மக்களுக்குக் கிலோவுக்கு 39 மில்லிகிராம் அயோடின் சேர்க்க வேண்டும் என்று அந்த நிறுவனம் 2014-இல் வழிகாட்டியது. வழியில் வீணாவதையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. ஆலையில் ஓர் அளவு, வாங்குபவர் கைக்கு வரும்போது ஓர் அளவு என்று சில நாடுகளின் விதிகள் இரண்டையும் கேட்கின்றன. அதுதான் முறை. ஆலையில் எவ்வளவு சேர்த்தால் என்ன, தட்டுக்கு வருவதல்லவா கணக்கு?

இந்த உப்பைத் தயாரிப்பவர்கள் அயோடினைப் பொட்டாசியம் அயோடேட் என்ற சேர்மமாகச் சேர்த்திருக்கிறார்கள். அயோடைடு என்ற இன்னொரு சேர்மத்தைவிட ஈரத்தையும் வெப்பத்தையும் அது நன்றாகத் தாங்கும். இதற்காக மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதைப் போட்டுத் தந்திருப்பது உள்ளே இருப்பது தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில். ஒரு மூலையைக் கத்தரித்தால் மறுபடி மூட வழியில்லை. நான் வாங்கிய கடையில் வெயில் விழும் வாசல் பலகையில் அடுக்கியிருந்தார்கள். எங்கே, எப்படி வைக்க வேண்டும் என்று உறையில் ஒரு வரிகூட இல்லை. ஒளி புகாத, ஈரம் ஏறாத உறையையும், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் சேமிப்புக் குறிப்பையும் சட்டமே கட்டாயமாக்க வேண்டும். 1922-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கி, எத்தனையோ ஊர்களில் முன்கழுத்துக் கழலையைக் குறைத்த ஏற்பாடு, உப்பில் அயோடின் சேர்ப்பது. உறையில் மிச்சம் பிடித்து அதைக் கெடுக்கலாமா?

ஐந்துக்கு மூன்று மதிப்பெண். அயோடின் சேர்க்காத கல்லுப்பையோ இந்துப்பையோ நம்புவதைவிட இது எவ்வளவோ மேல். அதனால் வாங்குவதை நிறுத்த மாட்டேன். வாங்குபவர்கள் அண்மையில் தயாரித்ததாகப் பார்த்து எடுங்கள். வந்ததும் இறுக மூடும் ஜாடிக்கு மாற்றி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். சமையல் முடியும் நேரத்தில் உப்பைப் போடுங்கள். கர்ப்பிணிக்கு அயோடின் போதவில்லை என்று உப்பைக் கூட்டிவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.