911-ஆ, இசட்4-ஆ? பின்பாரமும் முன்பாரமும்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் அக்கா மகன் பொங்கலுக்குக் கும்பகோணம் வந்திருந்தான். "மாமா, பழைய போர்ஷே 911 வாங்கவா, பிஎம்டபிள்யூ இசட்4 வாங்கவா?" என்று கேட்டான். 911-க்கு இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால், இசட்4-க்கு முன்னால்.

கிளம்பும்போது:
911: பாரம் பின்சக்கரத்தின் மேல் உட்காருவதால் டயர் தரையைக் கவ்வும். பிரேக்கிலும் பின்சக்கரம் நன்றாக உழைக்கும்.
இசட்4: எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. ஈரத்தில் அழுத்தி மிதித்தால் பின்பக்கம் வழுக்கப் பார்க்கும்.

வளைவில்:
911: நெல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி பின்பாரமானால் நுகத்தடி மேலே எழும்பும் அல்லவா? அதேபோல இதிலும் முன்பக்கம் லேசு. வேகமாக நுழைந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் நேராகவே போகப் பார்க்கும். பயந்துபோய் நடுவளைவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால், பாரம் முன்னால் சாய்ந்து வால் வெளியே வீசும். 1963-இல் அறிமுகமான காருக்கு இது பெரிய குறை. 1968-இல் முன்பின் சக்கர இடைவெளியை 57 மில்லிமீட்டர் கூட்டியதும் கொஞ்சம் அடங்கியது. மீதியை இப்போது மின்னணுக் கட்டுப்பாடு பார்த்துக்கொள்கிறது.
இசட்4: இந்தப் பயம் குறைவு.

இடம்:
911: பின்னால் இரண்டு குட்டி இருக்கை, சாமான் முன்னால்.
இசட்4: இருவர் மட்டும்.

செலவு: வாங்கவும் பராமரிக்கவும் 911-க்கே அதிகம்.

சின்னக் குழந்தை உண்டு, பழகப் பொறுமையும் உண்டு என்றால் 911. கூரையைத் திறந்துவிட்டு இருவராகச் சுற்ற இசட்4. அவனுக்கு இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். 911 என்றே சொன்னேன். அப்புறம், அறுவடை நாளில் நெல் காயும் நம் ஊர்ச் சாலைக்கு இரண்டுமே தாழ்வு, அங்கேயே ஓட்டட்டும்.